அரைப்படகு மாதா

குழிவாக எதைப் பார்த்தாலும் வால்டருக்குக் கை சும்மா இருக்காது. கரண்டியா, வாணலியா, இட்லித் தட்டா, கோயில் வாசலில் இருக்கும் பளிங்குத் தீர்த்தத் தொட்டியா, எதுவாக இருந்தாலும் உள்ளங்கையை உள்ளே விட்டு ஒரு தடவு தடவிப் பார்த்தால்தான் மனுஷனுக்கு நிம்மதி. கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வருகிறவரை நிறுத்தி, "கரண்டிய இப்புடி காட்டு நைனா" என்று வாங்குவார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "வளைவு பத்தல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். அவருக்கு அடுத்த இலைக்காரர்கள் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மகன் ஜோவுக்குப் பெண் பார்க்கப் புளியந்தோப்புக்குப் போன அன்று நடந்த கூத்தை ராயபுரத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கை கழுவப் போன வால்டர் திரும்பி வரவே இல்லை. வாஷ்பேசினின் உள்வளைவில் தண்ணீர் எப்படிச் சுழன்று இறங்குகிறது என்று பார்ப்பதற்காகக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கூடத்தில் பெண் வந்து, காபி கொடுத்து, இரு வீட்டாரும் பேசி முடித்து, வெற்றிலைத் தட்டும் மாற்றியாகிவிட்டது. ஈரக் கையோடு வந்த வால்டர், "அப்புறம், பொண்ண எப்போ கூப்புடுவாங்க?" என்று கேட்டார். மருமகளாகப் போகிற ரேச்சல் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, திட்டை அடக்கவா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, தொழில் அப்படி. வால்டர் ஃபைபர் படகு செய்கிறவர். பலகையை அறுத்து ஆணி அடித்துக் கட்டுகிற சமாச்சாரம் இல்லை இது. படகளவுக்குக் குழிந்த மோல்டு ஒன்று இருக்கும். அதன் உள்பக்கத்தை மெழுகு போட்டு முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். ரெசின் என்கிற பசையில் நனைத்த ஃபைபர் விரிப்பை அதற்குள் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து உரித்தெடுத்தால் படகு. மோல்டின் உள்ளே ஒரு நகக்கீறல் இருந்தாலும் படகின் முதுகில் அது தெரியும். ஆகவே வால்டரின் வாழ்க்கையில் பாதி, தலையைக் குழிக்குள் விட்டுத் தேய்ப்பதிலேயே போய்விட்டது. அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான்: "ம்."

ஷெட்டும் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வேலை முடிந்து சாப்பிட்ட பிறகும் வால்டர் மோல்டுக்குள் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். சிலருக்கு ஈசிச்சேர், இவருக்கு இது. ரெசின் வாசனை சுவர் தாண்டி வந்து சோற்றிலும் துணியிலும் தலையணையிலும் உட்கார்ந்திருக்கும். ஃப்ளோரன்ஸ் இருமுவாள். "தூசி" என்பார் வால்டர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் ஜோ ஒரு குண்டைப் போட்டான். மாத்தூரில் அவன் ஃப்ளாட் வாங்கியிருந்தான். அம்மாவும் அப்பாவும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று முதலில் கெஞ்சினான், பிறகு கோபித்துக்கொண்டான். கடைசியில் போனில் அடித்துச் சொல்லிவிட்டான்: "மாதா திருவிழா முடிஞ்சதும் அம்மாவ நான் இட்டுகினு போயிடுவேன் நைனா. நீ வர்றதுன்னா வா. இல்லாங்காட்டி உன் மோல்டு கூடவே குடித்தனம் பண்ணு."

வால்டர் ராயபுரத்தை விட்டுப் போகிற ஆள் இல்லை. மாத்தூரில் கடல் எங்கே, படகு எங்கே? ஆனால் ஃப்ளோரன்ஸ் போய்விடுவாளா? அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றார். அந்த நினைப்பு சமையலறை வாசல்வரைக்கும் போய் அதற்கு மேல் நகர மறுத்தது. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டே விட்டார்: "ஃப்ளோரா, மாத்தூருக்கு நீ இன்னா சொல்ற?"

ஃப்ளோரன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?" என்றாள். அவ்வளவுதான், துணி காயப்போடப் போய்விட்டாள்.

தெரிந்தால் ஏன் கேட்கிறார்? பாவம், வால்டர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் கெபி வேலை வந்தது. தெருக்கோடியில் மாதாவுக்குச் செங்கல்லில் குகைபோலக் கட்டிய பழைய கெபி ஒன்று இருந்தது. போன மழையில் அது பொதக்கென்று உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்த மாதா சுரூபத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. தையல்காரி பெர்சிஸ் வீட்டு டிவி மேசையில் மாதா தற்காலிகமாகக் குடியேறினாள். "மாதா மூஞ்சப் பாத்துகினே சீரியல் பாக்க முடியல. அதுல வர்றவ புருஷனுக்கு விஷம் வெக்கிறா, நான் மாதாவாண்ட மன்னிப்பு கேக்கறேன்" என்று பெர்சிஸ் புலம்ப, தெரு கூடிப் பேசியது. கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றார்கள்.

"கொத்தனாரு எதுக்கு?" என்று எழுந்தார் வால்டர். "படகுல முன்பாதிய மட்டும் வார்த்து எடுத்து, மூக்கு மேல பாக்குற மாரி நட்டமா நிக்க வெச்சா முடிஞ்சிது. எந்த மழையும் அசைக்காது."

"மாதாவ மீன் புடிக்க அனுப்பப் போறியாண்ணா?" என்று கேட்டாள் முத்தம்மா. காசிமேட்டில் மீன் விற்கிறவள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம்தான், ஆனால் மாதாவுக்கும் வெள்ளி தவறாமல் மெழுகுவத்தி ஏற்றுவாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள், கெபி நின்ற அன்று வாயடைத்துப் போனார்கள். படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக் கூம்பி நிற்க, குழிவுக்குள் கடல் நீலம், அதில் வெள்ளை நட்சத்திரங்கள், நடுவில் மாதா. பங்குச் சாமியார்கூட மந்திரிக்க வந்த இடத்தில் ஜெபத்தை மறந்து ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார்.

ஒரே ஒரு தப்பு நடந்திருந்தது, அது வால்டருக்கே அப்போது தெரியாது. ஒரு படகின் உள்பக்கத்தை எவரும் இழைப்பதில்லை. சொரசொரவென்று அப்படியே விட்டுவிடுவார்கள். வெளியில்தான் வழவழப்பு. ஆனால் மாதா நிற்கிற இடம் சொரசொரப்பாக இருக்கலாமா? மோல்டைத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை கேட்கவில்லை. உள்பக்கத்துக்கும் மெழுகு போட்டுக் கண்ணாடியாக்கிவிட்டார்.

ஃப்ளோரன்ஸ் வந்து வெகு நேரம் பார்த்தாள். "அழகாத்தான் கீது" என்றாள். வால்டருக்கு உச்சி குளிர்ந்தது. "இவ்ளோ நேக்கா தேய்க்கிற மனுஷன் வூட்டுல ஷெட்டு பக்கத்து ஜன்னலு மட்டும் ஒயுங்கா மூட மாட்டேங்குது" என்று சொல்லி, இரண்டு முறை இருமிவிட்டுப் போனாள்.

கெபிக்கு நேர் எதிரே, சந்தின் மறுபக்கம், மூடிக் கிடக்கிற ஐஸ் ஃபேக்டரிச் சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு உண்டு. சாயங்காலமானால் வால்டர் டீயோடு அங்கே உட்கார்ந்துகொள்வார். ஓய்வெடுக்கத்தான் என்று சொல்லிக்கொள்வார். உண்மையில், போகிற வருகிறவர்கள் கெபியைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்கத்தான். பெரிய சாலையில் கன்டெய்னர் லாரிகள் உறுமினாலும் சந்துக்குள் அமைதியாக இருக்கும்.

ஒரு சாயங்காலம், யாரோ அவர் காதோரம் பேசினார்கள்.

"தாயே, எங்கூட்டுக்காருக்குப் பல்லு சொத்த. ராவெல்லாம் ஊளையிடறாரு. டாக்டராண்ட போன்னா, நான் புயலே பாத்தவன்றாரு. ஊசின்னா ஓடிப்பூடறாரு. நீயே யாரையாச்சும் வுட்டு இட்டுகினு போவ வெய்யி."

வால்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். பின்னால் சுவர்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிர்ப்பக்கம் கெபிக்குள் தலையை நீட்டியபடி முத்தம்மா நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைவதே சரியாகத் தெரியாத தூரம். வால்டர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். குரல் போய்விட்டது. நடுவுக்கு வந்தார். "...ரெண்டு மெயுவத்தி கொளுத்தறேன்" என்று காதுக்குள் வந்து விழுந்தது.

அவருக்குச் சட்டென்று புரிந்தது. மொட்டை மாடியில் டிஷ் வைக்கிறார்களே, அது எங்கிருந்தோ வருவதைக் குழிவில் வாங்கி ஒரு புள்ளியில் சேர்க்கிறது. இவருடைய அரைப்படகு அதைத் தலைகீழாகச் செய்கிறது. மாதாவின் காலடியில் முணுமுணுப்பதை வழவழத்த குழிவு வாரி எடுத்து, நேரே சந்தைத் தாண்டி இந்தப் பெஞ்சுக்கு எறிகிறது. வாழ்நாளெல்லாம் குழிவைத் தடவிய மனுஷனுக்கு அதற்கு வாய் உண்டு என்று தோன்றாமல் போனதே!

உடனே போய்ச் சாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். யோக்கியன் அதைத்தான் செய்வான். வால்டரும் எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், நின்றார். சொன்னால் என்ன ஆகும்? உள்ளே சாக்குத் துணி ஒட்டச் சொல்வார்கள். அந்த நீலத்தின்மேல் சாக்குத் துணியா? அது ஒன்று. இன்னொன்றை வால்டர் தன்னிடமே மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டார்: ஃப்ளோரன்ஸ் தினமும் சாயங்காலம் இங்கே வருகிறாள். தன்னிடம் சொல்லாததை மாதாவிடம் சொல்லாமலா இருப்பாள்? மாத்தூருக்குப் போகிறாளா இல்லையா என்று தெரிந்துவிடும். தெரிந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

வால்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஃப்ளோரன்ஸ் வந்தாள். மெழுகுவத்தி ஏற்றினாள். கெபிக்குள் தலை குனிந்தாள். வால்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கூர்மையாக்கினார். ஒன்றுமே வரவில்லை. அவள் வாயைத் திறக்காமல் மனசுக்குள்ளேயே ஜெபித்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

ராத்திரி சாப்பாட்டின்போது வால்டர் மெல்ல ஆரம்பித்தார். "ஜெபத்த வாய்வுட்டு சொல்றதுதான் விசேஷம்னு சொல்றாங்க, ஃப்ளோரா."

"யாரு சொல்றாங்க?"

"பொதுவா சொல்றாங்க."

"மாதாவுக்கு நல்லாக் காது கேக்கும்" என்றாள் ஃப்ளோரன்ஸ். குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இதற்கிடையில் முத்தம்மாவின் வேண்டுதல் வால்டரைத் தூங்கவிடவில்லை. கேட்டாகிவிட்டது, எப்படிச் சும்மா இருப்பது? அவளுடைய கணவன் டில்லிபாபு விசைப்படகில் போகிறவன், வால்டருக்குத் தோஸ்து. "மாமு, சொம்மா ஒரு ரவுண்டு போலாம் வா" என்று வால்டர் அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், பல் டாக்டர் வாசலில் இறக்கிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே கேட்ட கத்தலில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீங்கிய கன்னத்தோடு வெளியே வந்த டில்லிபாபு, "நீயெல்லாம் ஒரு ஃபிரண்டா?" என்று கண்ணாலேயே கேட்டான். வலி போன பிறகு, அவனாகவே நல்ல வஞ்சிர மீன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அடுத்து பெர்சிஸ். தெருமுனை விளக்கு எரியவில்லை, தையல் மெஷினை வாசலில் போட முடியவில்லை என்று மாதாவிடம் அழுதாள். வால்டர் அவள் வாசலுக்குமேல் ஒரு விளக்கை மாட்டிவிட்டார். மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்தால், பெர்சிஸின் குரல்: "வெளிச்சம் வந்துடுச்சி, ஸ்தோத்திரம் தாயே. ஆனா மஞ்சளா கீது. வெள்ளையா இருந்தா நூல் கோக்க தோதா இருக்கும்." வால்டர் விளக்கை மாற்றினார்.

பிறகு வேண்டுதல்கள் வரிசைகட்டின. குழாய் சொட்டுகிறது, மாடிப்படியில் கைப்பிடி ஆடுகிறது, கோழிக்கூண்டின் கதவு கழன்றுவிட்டது. மாதா இப்படிக் கோழிக்கூண்டு வரைக்கும் கவனிக்கிறாளே என்று தெரு மெய்சிலிர்த்தது. மெய்சிலிர்த்தவர்கள் எல்லாம் ஆண்கள் என்பதை வால்டர் கவனிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அலைந்தார். மாதாவுக்கு வலது கை தான்தான் என்று ஒரு மிதப்பு வேறு. படகுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த நீலமேகம் ஷெட்டுக்கு வந்து, "என் போட்டு எப்போண்ணா?" என்று கேட்டபோது, "இருப்பா, வேண்டுதல் நெறைய நிலுவ கீது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு முழித்தார்.

கெபியின் பெயர் பரவியது. திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஆட்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வர ஆரம்பித்தார்கள். ஒரு சாயங்காலம் எண்ணூரிலிருந்து வந்த ஒரு பெண், கெபிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தன் மகள் பெயரைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனைப் பற்றிச் சொன்னாள். பிறகு வார்த்தையே இல்லாமல் அழுதாள். அந்த அழுகையும் ஒன்றுவிடாமல் வால்டரின் காதுக்கு வந்தது. இதற்கு எந்த ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது? டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார். அன்றைக்குத் தன்மேலேயே அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெஞ்சில் இனிமேல் உட்காருவதில்லை என்று முடிவெடுத்தார். மறுநாள் போகவும் இல்லை.

ஆனால் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. தேர் சுற்றி முடிந்த மறுநாள் ஜோ வண்டியோடு வருவான். ஃப்ளோரன்ஸ் பீரோவைத் திறந்து புடவைகளை மடித்துக்கொண்டிருந்ததை வால்டர் பார்த்தார். திருவிழாவுக்கு எடுக்கிறாளா, பெட்டியில் வைக்க எடுக்கிறாளா? சாயங்காலம் கால் தானாகப் பெஞ்சுக்கு நடந்தது. இன்றைக்கு ஒரு நாள், அதுவும் ஃப்ளோரன்ஸுடையது மட்டும், என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

ஃப்ளோரன்ஸ் வந்தாள். மெழுகுவத்தி ஏற்றினாள். இந்த முறை கெபிக்கு நடுவில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள்.

"மாதாவே, நான் ஃப்ளோரன்ஸு. எதுத்தாப்புல பெஞ்சு மேல ஒரு மனுஷன் காதத் தீட்டிகினு குந்தினு கீறாரு பாரு, அவரு பொண்டாட்டி."

வால்டருக்கு டீ புரையேறியது.

"எயுந்து ஓட வேணாம்னு அவராண்ட சொல்லு. தெருவுல பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். முத்தம்மா ஒரு நாளு கூடைய எறக்கி வெச்சிட்டு அந்தப் பெஞ்சுல குந்திகினு இருந்தா. இங்க பெர்சிசு ஜெபமால சொல்லிகினு இருந்தா. அன்னிக்கே வெளிச்சமாயிடுச்சி. அதுலேர்ந்து, உன்னாண்ட சொல்ல வேண்டியத நாங்க ஓரமா முட்டி போட்டு சொல்லிக்கிறோம். அவராண்ட ஆக வேண்டியத நடுவுல நின்னு சொல்றோம். கோழிக்கூண்டெல்லாம் உன்னாண்ட யாராச்சும் கேப்பாங்களா?"

வால்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். காது மட்டும் கவிழ மறுத்தது.

"நல்ல மனுஷன்தான். நான் இல்லேன்னு சொல்லல. டில்லிபாபு பல்லு தெரியுது. பெர்சிசுக்கு நூல் கோக்க இன்னா வெளிச்சம் வேணும்னு தெரியுது. நான் மாத்தூர் போறேனா இல்லியான்னு மட்டும் தெரியலியாம், அதுக்கு இங்க வந்து பெஞ்சத் தேய்க்கிறாரு. நான் அவராண்ட சொல்லிட்டேன் மாதாவே. சோறு போடசொல்ல சொன்னேன், 'ம்'ன்னாரு. மோல்டுக்குள்ள தலைய வுட்டுகினு இருக்கசொல்ல சொன்னேன், அதுக்கும் 'ம்'. ஜோ போனை வெச்ச கையோட சொன்னேன், 'ம்'. சரி, மனுஷன் ஒத்துக்கினாருன்னு நான் காத்துகினு கீறேன். நான் வாயே தொறக்கலன்னு அவரு காத்துகினு கீறாரு."

இருமினாள். அந்த இருமலும் வால்டரின் காதுக்குள்ளேயே இருமியது.

"எங்கூட்டு அடுப்பங்கரை சதுரம், தாயே. இதுமாரி வளைவா ஒண்ணும் கெடையாது. அதான் கேக்க மாட்டேங்குதுபோல. இப்போ இங்க நின்னுகினு சொன்னா நல்லாவே கேக்கும். ஆனா சொல்ல மாட்டேன். இத்தினி வருசம் கூட குடித்தனம் பண்ணவ, புருஷனாண்ட பேசறதுக்கு சந்து தாண்டி வரணுமா? எனக்கு வூடு கீது. கேக்கணும்னா அங்க வந்து கேக்கட்டும். ஆமென்."

சிலுவை போட்டுக்கொண்டாள். பெஞ்சின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனாள்.

கூடையோடு வந்த முத்தம்மா வால்டரின் எதிரில் நின்று, "இன்னாண்ணா, டீ ஆறிப்பூட்ச்சா?" என்று கேட்டாள். கண்ணில் சிரிப்பு வழிந்தது. அவர் மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "போண்ணா" என்றாள், "வூட்டுக்குப் போ."

ஃப்ளோரன்ஸ் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். வால்டர் சமையலறைக்குள் வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த வாணலி ஒன்று இருந்தது. கை தன் பழக்கத்துக்கு அதை நோக்கிப் போனது. கையைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

"சொல்லு" என்றார்.

"இன்னாத்த?"

"மாத்தூரு. நீ சொன்னது. எனக்குக் கேக்கல, ஃப்ளோரா. தப்பு என்னுதுதான்."

ஃப்ளோரன்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. "சொல்றேன். சொன்னத அப்புடியே திருப்பிச் சொல்லணும். 'ம்'ன்ன, கரண்டி பேசும்."

அவர் தலையை ஆட்டினார்.

"மாத்தூரு எனக்கு வேணாம். இங்க உன் ரெசின் வாசன, அங்க மணலி ஃபேக்டரி வாசன. வாசனைய மாத்திக்கிறதுக்கா வூட்ட மாத்துவாங்க? ஆனா எனக்கு மூச்சு இழுக்குது. படுத்தா எயுந்து குந்திக்கிறேன். டாக்டரம்மா ஃபரா சொல்லிட்டாங்க, அந்த வாசன வூட்டாண்டயே இருக்கக்கூடாதுன்னு. துறைமுகத்தாண்ட குணசேகரன் போட்டு யார்டுல எடம் கீது, நானே கேட்டுட்டேன். மோல்ட அங்க எடுத்துகினு போ. மோல்டு போச்சின்னா நான் இருப்பேன். மோல்டு இங்கயே இருந்தா, ஜோ வண்டில நான் ஏறிடுவேன். இதத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீனைப் புரட்டினாள். எண்ணெய் சடசடத்தது. அந்தச் சத்தத்துக்குள், வாய்க்குள்ளேயே ஏதோ முனகினாள்.

வால்டர் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. இது எத்தனை நாளாக இருக்கிறது? இதே வீட்டில், இதே தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில். தூசி, தூசி என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறோமே என்று நினைத்தார். மோல்டைப் பற்றியும் நினைத்தார், பொய் சொல்வானேன். சாப்பிட்ட பிறகு காலை நீட்டிக்கொள்ளும் அந்த வழவழப்பை நினைத்தார். அந்த நினைப்பு அடுத்த விசில் வரைக்கும்தான் இருந்தது.

"நாளைக்கே லாரி பேசறேன்" என்றார்.

"அது இருக்கட்டும். மொதல்ல திருப்பிச் சொல்லு."

வால்டர் சொன்னார். மாத்தூர் வேணாம் என்பதை, ரெசின் வாசனையை, மணலி வாசனையை, படுத்தால் எழுந்து உட்காருவதை, ஃபரா டாக்டர் சொன்னதை, குணசேகரன் யார்டை, மோல்டு போனால் அவள் இருப்பதை, இருந்தால் அவள் போவதை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒன்றுவிடாமல் சொன்னார். ஃப்ளோரன்ஸ் கரண்டியும் கையுமாகக் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பால, 'இந்த மனுஷன வுட்டுட்டு அங்க போயி நான் இன்னா பண்ணப்போறேன்'ன்ன."

ஃப்ளோரன்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

"அது உன்னாண்ட சொன்னது இல்ல. மீனாண்ட சொன்னேன்."

"எனக்குக் கேட்டுச்சி" என்றார் வால்டர்.